21 கோடி டாலரை வேண்டாம் என்பது ஏன்? பேஸ்பால் ஒப்பந்தங்களின் மாந்தோப்புக் கணக்கு

2022 ஏப்ரல் 8. நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணிக்கு அந்த சீசனின் முதல் ஆட்டம். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பு அணியின் பொது மேலாளர் பிரையன் கேஷ்மன் செய்தியாளர்களிடம் ஒரு கணக்கைச் சொன்னார். எங்கள் பேட்டர் ஆரன் ஜட்ஜுக்கு ஏழு வருஷத்துக்கு 21.35 கோடி டாலர் தருவதாகச் சொன்னோம், அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றார். பேரம் படியாவிட்டால் தொகையை வெளியே சொல்லாமல் இருப்பதுதான் வழக்கம். அன்று யாங்கீஸ் சொல்லிவிட்டது.

அன்றிலிருந்து இரண்டு விதமான பேச்சு. இவ்வளவு பணத்தையும் வேண்டாம் என்கிறானே, பேராசை என்றார்கள் ஒரு பக்கம். தன் மேல் நம்பிக்கை வைத்தவன், வீரன் என்றார்கள் இன்னொரு பக்கம். அந்த வருஷம் ஜட்ஜ் 62 ஹோம் ரன் (பந்தை எல்லைச் சுவரைத் தாண்டி அடிப்பது) அடித்து, டிசம்பரில் அதே யாங்கீஸிடம் ஒன்பது வருஷத்துக்கு 36 கோடி டாலர் வாங்கியதும் முதல் பேச்சு அடங்கி இரண்டாவது பேச்சு மட்டும் நின்றுவிட்டது. அதுக்கப்புறம் யார் பெரிய தொகையை மறுத்தாலும், ஜட்ஜ் மாதிரி தன் மேலேயே பந்தயம் கட்டுகிறார் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

எனக்கு இரண்டு பேச்சிலும் உடன்பாடில்லை. நடந்தது ஒரு வியாபாரம். அதில் ஒரு பொருள் கைமாறப் பார்த்தது, அதற்கு ஒரு விலை சொல்லப்பட்டது, உடையவர் அந்த விலைக்குத் தர மாட்டேன் என்றார். அந்தப் பொருள் என்ன என்று தெரிந்துவிட்டால் மற்றது எல்லாம் தானாக விளங்கும். பேஸ்பால் ஒரு ஆட்டம்கூடப் பார்த்திராதவர்களுக்கும் புரிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பூவிலேயே விலை பேசுவது

கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். தை, மாசியில் மரம் பூத்து நிற்கும்போதே வியாபாரி வந்துவிடுவார். தோப்பைச் சுற்றி நடப்பார், கிளையை அண்ணாந்து பார்ப்பார், பூங்கொத்தை விரலால் உருவிப் பார்ப்பார். அப்புறம் ஒரு தொகை சொல்வார். ஒப்புக்கொண்டால் பணம் தோப்புக்காரர் கைக்கு வந்துவிடும், அந்த வருஷக் காய் முழுவதும் வியாபாரிக்கு. நடுவில் மழை பெய்து பூ கருகினாலும், காற்றடித்துப் பிஞ்செல்லாம் தரையில் கொட்டினாலும் நஷ்டம் வியாபாரியுடையது. காய்ப்பு கொழித்தால் லாபமும் அவருடையதே.

ஆகவே பூவில் சொல்லும் விலை, நன்றாகக் காய்த்தால் வரக்கூடிய விலையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். வியாபாரி ஏமாற்றுகிறார் என்று இதற்கு அர்த்தம் இல்லை. மழையையும் காற்றையும் அவர் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறார், அதற்கு ஒரு கூலி எடுத்துக்கொள்கிறார், அவ்வளவுதான். இன்னொன்றும் கவனியுங்கள். அவர் முப்பது தோப்பை எடுத்திருப்பார். பத்துத் தோப்பில் போனால் இருபதில் வந்துவிடும். தோப்புக்காரருக்கு இருப்பது ஒரே தோப்பு, அது போனால் அந்த வருஷமே போச்சு.

பேஸ்பால் ஒப்பந்தப் பேச்சில் வியாபாரியின் இடத்தில் அணி இருக்கிறது. தோப்புக்காரர் ஆட்டக்காரர். தோப்பு அவருடைய முழங்கை, முழங்கால், கண்பார்வை, வயது. கைமாறும் பொருள் அவருடைய வருங்காலத்தில் இருக்கிற நிச்சயமின்மை. இதை இனி 'ஆபத்து' என்றே சொல்வோம்: நாளைக்கு எவ்வளவு சம்பாதிப்பார் என்பது ஏறவும் இறங்கவும் கூடிய அந்த நிலைமை.

ஆறு வருஷக் காத்திருப்பு

சரி, ஜட்ஜுக்கு அவ்வளவு மதிப்பு என்றால் வேறு அணிக்குப் போய்க் கேட்டிருக்கலாமே, ஏன் யாங்கீஸோடு மட்டும் பேசினார்? போக முடியாது. இந்த இடத்தைத்தான் பெரும்பாலானவர்கள் தவற விடுகிறார்கள்.

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள். ஒரு அணி இளம் ஆட்டக்காரரைத் தன் பக்கம் எடுத்துவிட்டால், அவர் மேஜர் லீக்கில் ஆறு வருஷப் பணிக்காலம் முடிக்கும்வரை அந்த அணியின் பிடியில் இருப்பார். பணிக்காலம் என்பது மேஜர் லீக் அணியின் பட்டியலில் பெயர் இருந்த நாள்களின் எண்ணிக்கை. 172 நாள் சேர்ந்தால் ஒரு வருஷம். இந்த ஆறு வருஷத்துக்குள் அவரை வேறு அணிக்கு மாற்றிக்கொடுக்க அணிக்கு உரிமை உண்டு. தானாக விட்டுப் போக அவருக்கு உரிமை இல்லை.

முதல் மூன்று வருஷம் கிட்டத்தட்ட குறைந்தபட்சச் சம்பளம்தான். 2025-இல் அது 7.6 லட்சம் டாலர். நம் கண்ணுக்குப் பெரிய தொகை, சந்தேகமே இல்லை. ஆனால் 50 ஹோம் ரன் அடிக்கிறவருக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவருக்கும் ஏறக்குறைய அதே தொகை என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜட்ஜ் 2017-இல் தன் முதல் முழு சீசனிலேயே 52 ஹோம் ரன் அடித்தவர்.

அடுத்த மூன்று வருஷம் நடுவர் விசாரணைக் கட்டம். இதன் விதி வேடிக்கையாக இருக்கும், ஆனால் புத்திசாலித்தனமானது. ஆட்டக்காரர் ஒரு தொகை எழுதிக்கொடுப்பார், அணி ஒரு தொகை எழுதிக்கொடுக்கும். மூன்று நடுவர்கள் இரண்டு பக்க வாதத்தையும் கேட்டு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நடுவில் ஒரு தொகையைச் சொல்ல அவர்களுக்கு அனுமதி இல்லை. அதனால் இரண்டு பக்கமும் கண்டபடி கேட்காமல் நியாயத்துக்கு நெருங்கி வரும், பல வழக்குகள் விசாரணைக்கு முன்பே சமாதானமாகிவிடும்.

சமாதானமாகாவிட்டால் அந்த அறை கொடுமையான இடம். மேஜைக்கு அந்தப் பக்கம் தன் சொந்த அணியின் ஆட்களே உட்கார்ந்து, இவர் இவ்வளவுக்குத் தகுதியானவர் இல்லை என்று அவர் முகத்துக்கு எதிரேயே வாதாடுவார்கள். 2023-இல் மில்வாக்கி புரூவர்ஸ் அணியின் பிட்சர் (பந்து வீசுபவர்) கார்பின் பர்ன்ஸ் 1.075 கோடி டாலர் கேட்டார், அணி 1.001 கோடி என்றது. நடுவர்கள் அணியின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். வெளியே வந்த பர்ன்ஸ், அணி அடுத்த சுற்றுக்குப் போகாததற்கே என்னைக் காரணமாகக் காட்டினார்கள், எங்களுக்குள் உறவு கெட்டுவிட்டது என்று வெளிப்படையாகவே பேசினார். வித்தியாசம் 7.4 லட்சம் டாலர். மறு வருஷம் பிப்ரவரியில் அவர் வேறு அணிக்கு மாற்றப்பட்டார்.

ஆறு வருஷம் முடிந்தால் அவர் ஃப்ரீ ஏஜென்ட். முப்பது அணிகளில் எதனோடு வேண்டுமானாலும் பேரம் பேசலாம் என்பதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். வாழ்க்கையில் முதல் முறையாக அவருக்குச் சந்தை விலை கிடைக்கும் நாள் அது.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: மூன்று வருஷம் அணி சொன்ன சம்பளம், மூன்று வருஷம் நடுவர் வழியாகக் கொஞ்சம் கூடுதல், ஏழாவது வருஷத்தில் திறந்த சந்தை. ஜட்ஜிடம் யாங்கீஸ் பேசியது அவருடைய ஆறாவது வருஷத் தொடக்கத்தில். சந்தைக்கு இன்னும் ஒரே ஒரு சீசன் பாக்கி.

சம்பளப் பத்திரம் இல்லாமல் ஆடியவர்

இந்த ஆறு வருஷக் கணக்கே ஒரு சலுகை மாதிரி கிடைத்தது என்று நினைக்க வேண்டாம். 1970-களின் நடுப்பகுதிவரை ஆட்டக்காரர் வாழ்நாள் முழுவதும் ஒரே அணியின் சொத்து. ஒப்பந்தத்தில் இருந்த ஒரு விதிப்படி, அது முடிந்தாலும் அணி அதைத் தானே ஒரு வருஷம் நீட்டிக்கொள்ளலாம். அப்புறம் இன்னொரு வருஷம், அப்புறம் இன்னொன்று என்று அதற்கு முடிவே இல்லாதபடி அணிகள் அர்த்தம் செய்துகொண்டன. 1969-இல் தன்னை வேறு அணிக்கு மாற்றியதை எதிர்த்துக் கர்ட் ஃப்ளட் என்ற ஆட்டக்காரர் வழக்குப் போட்டு, உச்ச நீதிமன்றம்வரை போய், 1972-இல் தோற்றார். ஆட்ட வாழ்க்கையையே அதில் இழந்தார்.

வேறு வழியில் போய் வென்றவர் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பிட்சர் ஆண்டி மெசர்ஸ்மித். தன் சம்மதம் இல்லாமல் வேறு அணிக்கு மாற்றக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னார், அணி மறுத்தது. 1975 சீசன் முழுவதும் ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடாமல் பந்து வீசினார். ஒரு வருஷ நீட்டிப்பு என்றால் ஒரே ஒரு வருஷம்தான் என்பது ஆட்டக்காரர் சங்கத்தின் வாதம். அந்த டிசம்பரில் நடுவர் பீட்டர் சைட்ஸ் அதை ஏற்றுக்கொண்டார். அணி உரிமையாளர்கள் சைட்ஸை உடனே வேலையை விட்டு நீக்கினார்கள். தீர்ப்பு மட்டும் நின்றது. இன்றைய ஃப்ரீ ஏஜென்ட் முறை அங்கிருந்து வருகிறது.

தன் மேல் பந்தயம் கட்டியவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் நான் மெசர்ஸ்மித்தைத்தான் சொல்வேன். அந்த வருஷம் கை போயிருந்தால் அவருக்கு அடுத்த வருஷச் சம்பளத்துக்கே உத்தரவாதம் கிடையாது.

நீட்டிப்பு ஒப்பந்தம் என்றால் அணி எதை வாங்குகிறது?

ஆறு வருஷம் முடிவதற்கு முன்பே அணியும் ஆட்டக்காரரும் பல வருஷத்துக்குச் சேர்த்துப் போடுவது நீட்டிப்பு ஒப்பந்தம். பூவிலேயே விலை பேசுவது இதுதான்.

மேஜர் லீக் பேஸ்பாலில் கையெழுத்துப் போட்ட தொகை பொதுவாக முழுவதும் உத்தரவாதம். அடிபட்டாலும், ஆட்டம் மங்கினாலும், அணியே வேண்டாம் என்று அனுப்பிவிட்டாலும் பணம் வந்துகொண்டிருக்கும். அமெரிக்கக் கால்பந்தில் நிலைமை வேறு, அங்கே பெரிய தொகையைக் காகிதத்தில் பார்த்துவிட்டு பாதியைக்கூடக் கையில் பார்க்காமல் போனவர்கள் உண்டு. பேஸ்பாலில் அந்த உத்தரவாதம் இருப்பதால்தான் ஆபத்து முழுவதும் அணியின் தலைக்கு மாறுகிறது.

மேலே சொன்ன அதே பர்ன்ஸையே எடுத்துக்கொள்வோம். 2024 டிசம்பரில் அரிசோனா டைமண்ட்பேக்ஸ் அணியோடு ஆறு வருஷத்துக்கு 21 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டார். 2025 ஜூனில் முழங்கை நாண் கிழிந்து அறுவைச் சிகிச்சை. டாமி ஜான் அறுவை என்று அதைச் சொல்வார்கள், உடம்பின் வேறு இடத்திலிருந்து ஒரு நாணை எடுத்து முழங்கையில் கட்டுவது. திரும்பப் பந்து வீச ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அவருடைய 21 கோடியில் ஒரு டாலரும் குறையவில்லை. அதே கிழிசல் ஒரு வருஷம் முன்னால், அவர் சந்தைக்கு வருவதற்கு முன்பு நடந்திருந்தால்? அந்தத் தொகைக்குப் பக்கத்தில்கூடப் போயிருக்க முடியாது.

அணிக்கு இது தாங்கக்கூடிய அடி. 26 பேர் பட்டியல், கீழே சிறு லீக் அணிகளில் நூற்றுக்கும் மேற்பட்டோர், டிக்கெட் வருமானம், தொலைக்காட்சி வருமானம். ஆட்டக்காரருக்கு இருப்பது ஒரு முழங்கை. தாங்கக்கூடியவர் தாங்க முடியாதவரிடமிருந்து ஆபத்தை வாங்கிக்கொள்கிறார், அதற்காகக் கழித்துக்கொண்டு விலை சொல்கிறார். எவ்வளவு கழிக்கிறார் என்பதில்தான் சண்டை.

ஆக, ஒரு ஆட்டக்காரர் மறுக்கும்போது அவர் பணத்தையே மறுக்கவில்லை. அந்தக் கழிவு அதிகம் என்கிறார்.

ஜட்ஜின் பக்கம் உட்கார்ந்து பார்த்தால்

21.35 கோடி வேண்டாம் என்றதும் அவர் கை வெறுங்கையாகிவிட்டது என்பது போலத்தான் பேசினார்கள். உண்மையில் அந்த வருஷத்துக்கு அவருக்குத் தனியாகச் சம்பளம் உண்டு. அவர் 2.1 கோடி கேட்டார், அணி 1.7 கோடி என்றது, ஜூனில் இரண்டுக்கும் சரிபாதியில் 1.9 கோடி டாலருக்குச் சமாதானமானார்கள். அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் நடுவர் கட்டச் சம்பளம். ஆக, 2022-இல் அவர் மோசமாக ஆடியிருந்தாலும், காலை உடைத்துக்கொண்டிருந்தாலும் குடும்பம் தெருவுக்கு வரப் போவதில்லை. பெரிய பணத்துக்கும் மிகப் பெரிய பணத்துக்கும் நடுவில் இருந்த வித்தியாசத்தைத்தான் அவர் பணயம் வைத்தார்.

அணியின் தயக்கத்திலும் நியாயம் இருந்தது. 2018-இல் பந்து பட்டு மணிக்கட்டு எலும்பு முறிந்தது, 2019-இல் விலாப் பக்கத் தசை, 2020-இல் கெண்டைக்கால் தசை என்று மூன்று வருஷம் தொடர்ந்து ஆட்டங்களை இழந்தவர். ஆறடி ஏழு அங்குல உடம்பு. அந்த அளவுக்குப் பெரிய உடம்பு முப்பது தாண்டினால் எப்படி இருக்கும் என்பதற்கு முன்னுதாரணமும் குறைவு.

ஜட்ஜின் கணக்கில் இன்னொன்று இருந்தது, வயது. கல்லூரியில் ஆடிவிட்டு வந்தவர், முழு சீசன் ஆடத் தொடங்கியபோதே 25 ஆகிவிட்டது. 2022 ஏப்ரல் 26-இல் அவருக்கு 30. புதிய ஒப்பந்தம் தொடங்கும்போது 31 நடக்கும், முடியும்போது நாற்பதை நெருங்கிவிடும். சந்தைக்கு அவர் போவது ஒரே ஒரு முறை. ஒரே முறை விற்கப் போகிற பொருளை யாரும் அவசரத்தில் விற்க மாட்டார்கள்.

அக்டோபர் 4-ஆம் தேதி இரவு, டெக்சாஸ் ஆர்லிங்டனில், சீசன் முடிய ஒரே ஒரு நாள் இருக்கும்போது 62-ஆவது ஹோம் ரன்னை அடித்தார். மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில் 1961-இல் ராஜர் மேரிஸ் வைத்த சாதனை 61. அந்தப் பந்து இடது பக்க இருக்கைகளில் விழுந்தபோது அவருடைய சந்தை விலை எங்கேயோ போயிருந்தது. டிசம்பரில் 36 கோடி. ஏப்ரலில் சொன்னதைவிட 14.65 கோடி அதிகம், வருஷமும் இரண்டு அதிகம்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 62 அடித்ததால் ஏப்ரல் முடிவு சரியானதாகிவிடவில்லை. ஏப்ரலிலேயே அது சரியான முடிவுதான். 35 ஹோம் ரன் அடித்து, ஓரளவு ஆரோக்கியமாக இருந்திருந்தாலே ஏப்ரலில் சொன்ன தொகைக்குப் பக்கத்தில் யாராவது ஒரு அணி கொடுத்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். கீழே விழும் பள்ளம் ஆழம் குறைவு, மேலே ஏறும் மேடு உயரம். 62 என்பது அந்த மேட்டின் உச்சி.

சோட்டோவுக்கு வயதுதான் முதல்

அதே 2022 ஜூலையில் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி ஹுவான் சோட்டோவுக்குப் பதினைந்து வருஷத்துக்கு 44 கோடி டாலர் சொன்னதாகச் செய்தி வந்தது. மொத்தத் தொகையில் அதுவரை பேஸ்பாலில் யாரும் போடாத ஒப்பந்தம். அவர் மறுத்தார். ஆகஸ்ட் 2-ஆம் தேதியே அவரைச் சான் டியேகோவுக்கு மாற்றிவிட்டார்கள். பலர் அவரைத் திட்டினார்கள்.

டொமினிக்கன் குடியரசில் பிறந்த சோட்டோ 19 வயதிலேயே மேஜர் லீக்குக்கு வந்தவர். ஆறு வருஷக் கடிகாரம் அவருக்கு முன்கூட்டியே ஓடத் தொடங்கிவிட்டது. சந்தைக்கு வரும்போது வயது 26-தான் இருக்கும். பெரும்பாலான நட்சத்திரங்கள் 29, 30-இல் வருகிறார்கள். 26 வயதில் வருகிறவரை வாங்கும் அணி அவருடைய உச்சமான வருஷங்கள் எல்லாவற்றையும் வாங்குகிறது. அந்த 44 கோடியைப் பதினைந்தால் வகுத்தால் வருஷத்துக்கு மூன்று கோடிகூட வராது. 2024-இல் நடுவர் கட்டத்திலேயே அவருக்கு ஒரு வருஷச் சம்பளம் 3.1 கோடி கிடைத்தது.

2024 டிசம்பரில் நியூயார்க் மெட்ஸ் அதே பதினைந்து வருஷத்துக்கு 76.5 கோடி டாலர் கொடுத்தது.

திரும்பி வராதவர்கள்

ஜட்ஜ், சோட்டோ இருவரை மட்டும் பார்த்தால் மறுப்பது எப்போதும் லாபம் என்று தோன்றும். வென்றவர்களின் கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறோம் என்பதால் வரும் மயக்கம் அது.

ஹுவான் கொன்சாலஸ் இரண்டு முறை லீக்கின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது வாங்கியவர். 2000-இல் டெட்ராய்ட் டைகர்ஸ் அவருக்கு எட்டு வருஷத்துக்கு 14 கோடி டாலர் சொன்னதாகச் செய்திகள் வந்தன. அணி அந்த வருஷம்தான் புது மைதானத்துக்குக் குடிபோயிருந்தது. எல்லைச் சுவர் ரொம்பத் தள்ளி இருந்தது, ஹோம் ரன் அடிக்கிறவருக்குப் பிடிக்காத இடம். அவர் கையெழுத்துப் போடவில்லை. அந்த சீசனில் காயமும் சேர்ந்து 22 ஹோம் ரன்னோடு நின்றார். அடுத்து கிளீவ்லாந்தில் கிடைத்தது ஒரு வருஷத்துக்கு ஒரு கோடி. அங்கே அருமையாக ஆடினார், இருந்தும் அதற்கப்புறம் கிடைத்தது இரண்டு வருஷத்துக்கு 2.4 கோடி. 14 கோடி திரும்பி வரவே இல்லை.

இயன் டெஸ்மண்ட் கதை எனக்கு இன்னும் மனதில் நிற்பது. வாஷிங்டன் அணியின் ஷார்ட்ஸ்டாப் (மைதானத்தின் உள்பக்கம் நின்று பந்தைத் தடுப்பவர்), ஏழு வருஷத்துக்கு 10.7 கோடி டாலர் வேண்டாம் என்றதாகச் செய்தி. சந்தைக்கு வருவதற்கு முந்தைய 2015 சீசனில் ஆட்டம் கைவிட்டுவிட்டது. அணி சொன்ன ஒரு வருஷத்துக்கு 1.58 கோடியையும் மறுத்துச் சந்தைக்குப் போனார், மாதக்கணக்கில் யாரும் கதவைத் தட்டவில்லை. 2016 பிப்ரவரி கடைசியில், மற்ற ஆட்டக்காரர்கள் எல்லாம் பயிற்சி முகாமில் இருக்கும்போது, டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணியில் 80 லட்சம் டாலருக்குச் சேர்ந்தார், அதுவும் வாழ்நாளெல்லாம் ஆடிய ஷார்ட்ஸ்டாப் இடத்தில் இல்லை, எல்லைப் பக்கம் இருக்கும் அவுட்ஃபீல்டில். முப்பது வயதில் புது இடத்தைக் கற்றுக்கொண்டு அந்த வருஷமே, லீக்கின் சிறந்தவர்கள் மட்டும் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். டிசம்பரில் கொலராடோ ராக்கீஸ் ஐந்து வருஷத்துக்கு 7 கோடி கொடுத்தது. இரண்டையும் சேர்த்தாலும் மறுத்த தொகைக்குக் கீழேதான்.

இவர்கள் முட்டாள்களா? முடிவெடுத்த நாளில் கையில் என்ன தெரிந்ததோ அதை வைத்துத்தான் சொல்ல முடியும். மழை பெய்யும் என்று பூவிலேயே தெரிந்திருந்தால் எல்லாத் தோப்புக்காரர்களும் பணக்காரர்கள்தான்.

நடுவில் நிறுத்தினால் கணக்குத் தப்பும்: அலோன்சோ

2023-இல் பீட் அலோன்சோவுக்கு மெட்ஸ் ஏழு வருஷத்துக்கு 15.8 கோடி டாலர் சொன்னது, 2024-இலிருந்து 2030வரை. அவர் மறுத்தார். 2024 சீசன் அவருடைய அளவுக்குச் சுமார்தான். சந்தையில் கூட்டம் இல்லை. 2025 பிப்ரவரியில் அதே மெட்ஸிடம் இரண்டு வருஷம், 5.4 கோடிக்குத் திரும்பி வந்தார். பத்துக் கோடியைத் தூக்கி எறிந்தவர் என்று அன்றைக்கு எல்லோரும் எழுதினார்கள்.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: வெளியேறும் உரிமை. முதல் வருஷம் முடிந்ததும் ஆட்டக்காரர் விரும்பினால் மீதியை விட்டுவிட்டு மறுபடியும் சந்தைக்குப் போகலாம், விரும்பாவிட்டால் மீதிப் பணம் பத்திரமாக இருக்கும். கீழே விழாமல் பிடிக்க வலை கட்டிக்கொண்டு மறுபடி ஏறுவது இது.

2025-இல் 38 ஹோம் ரன் அடித்தார், ஆகஸ்டில் மெட்ஸ் அணியின் எக்காலத்துக்குமான ஹோம் ரன் சாதனையையும் முறியடித்தார். வெளியேறும் உரிமையைப் பயன்படுத்தினார். டிசம்பரில் பால்டிமோர் ஓரியோல்ஸ் ஐந்து வருஷத்துக்கு 15.5 கோடி கொடுத்தது.

இப்போது கூட்டிப் பாருங்கள். 2024 சம்பளம் 2.05 கோடி, 2025-இல் 3 கோடி, அடுத்த ஐந்து வருஷம் 15.5 கோடி. 2024-இலிருந்து 2030வரை அதே ஏழு வருஷத்துக்கு 20.55 கோடி. மறுத்தது 15.8. பிப்ரவரியில் தோற்றவர் என்று எழுதியவர்கள் கணக்கைப் பாதியில் மூடிவிட்டார்கள்.

வலை கட்டும் வேறு வழிகள்

மறுப்பவர்கள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு குதிப்பதில்லை. 2014 மார்ச்சில் டெட்ராய்ட் பிட்சர் மேக்ஸ் ஷெர்சர் ஆறு வருஷத்துக்கு 14.4 கோடியை மறுத்தார். மறுத்த கையோடு, அந்த சீசனில் அடிபட்டால் நஷ்டஈடு கிடைக்கும்படி ஒரு காப்பீடு எடுத்துக்கொண்டார். அணியிடம் விற்க மறுத்த ஆபத்தில் ஒரு பகுதியைக் காப்பீட்டு நிறுவனத்திடம் மலிவாகக் கொடுத்தார் என்று பொருள். மறு ஜனவரியில் வாஷிங்டனிடம் ஏழு வருஷத்துக்கு 21 கோடி வாங்கினார்.

ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியர் இன்னொரு வழி. சிறு லீக்கில் இருக்கும்போதே ஒரு நிதி நிறுவனத்திடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, பிற்கால வருமானத்தில் ஒரு பங்கைத் தருவதாக எழுதிக்கொடுத்தார். 2021-இல் அவர் 34 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டபோது அந்தப் பங்கு பெரிய தொகையாகிவிட்டது.

ஆக, மறுப்பது, ஏற்பது என்று இரண்டே வழி இல்லை. ஆபத்தைத் துண்டு துண்டாகவும் விற்கலாம்.

முதல் மாதமே சீட்டை எடுப்பவர்

எதிர்ப்பக்கத்தையும் பார்க்காமல் இது முழுமையாகாது. 2019 ஏப்ரலில் ஓசி ஆல்பிஸ் என்ற 22 வயது ஆட்டக்காரர் அட்லாண்டா பிரேவ்ஸ் அணியோடு ஏழு வருஷத்துக்கு 3.5 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டார். ஏற்கெனவே ஒரு முறை ஆல்-ஸ்டார் ஆனவர். பேஸ்பால் பார்க்கிறவர்கள் அதிர்ந்துபோனார்கள். சந்தைவரை காத்திருந்தால் இதைப் போலப் பல மடங்கு வரும், யார் இவருக்கு இப்படி யோசனை சொன்னது என்று கேட்டார்கள். ஆல்பிஸ் தன் குடும்பத்துக்கு ஒரு பாதுகாப்பு வேண்டும் என்றுதான் சொன்னார்.

ஏலச்சீட்டு போட்டவர்களுக்கு இவரைப் புரியும். கடைசி மாதம்வரை பொறுத்தால் முழுத் தொகை வரும் என்பது சீட்டில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். இருந்தும் முதல் மாதமே நிறையத் தள்ளி எடுப்பவர் ஒருவர் இருப்பார். அவருக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. வீட்டில் ஒரு தேவை இருக்கிறது, பொறுக்க முடியாது. கடைசிவரை பொறுப்பவருக்கு வேறு வருமானம் இருக்கும்.

ஆல்பிஸ் குராசோ தீவிலிருந்து பதினாறு வயதில் 3.5 லட்சம் டாலருக்கு வந்தவர். கையெழுத்துப் போட்டபோது அவருக்கு இரண்டு வருஷப் பணிக்காலம்கூட ஆகவில்லை, நடுவர் கட்டத்துக்கே போகவில்லை. ஜட்ஜ் மறுத்தபோது அவர் பையில் இருந்த கோடிகள் இவர் பையில் இல்லை. தன்னம்பிக்கையில் ஜட்ஜ் கூட, ஆல்பிஸ் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒருவருக்கு மறுக்க வசதி இருந்தது, இன்னொருவருக்கு இல்லை. அணிகளுக்கும் இது நன்றாகத் தெரியும். அதனால்தான் மலிவான நீட்டிப்பு ஒப்பந்தங்களை அவர்கள் இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதுப் பையன்களிடமே கொண்டுபோய் நீட்டுகிறார்கள்.

இதனால்தான் ஆட்டக்காரர் சங்கம் அண்மையில் வாங்கிய சில விஷயங்களை, பெரிய நட்சத்திரங்களின் தொகைகளைவிட முக்கியமாக நான் நினைக்கிறேன். 2022 ஒப்பந்தத்தில், இன்னும் நடுவர் கட்டத்துக்கு வராத இளம் ஆட்டக்காரர்களில் நன்றாக ஆடியவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வருஷத்துக்கு 5 கோடி டாலர் ஒதுக்கவைத்தார்கள். 2023-இல் சிறு லீக் ஆட்டக்காரர்களுக்கு முதல் முறையாகச் சங்க ஒப்பந்தம் வந்தது. மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழே இருக்கும் டிரிபிள்-ஏ மட்டத்தில் வருஷச் சம்பளம் 17,500 டாலரிலிருந்து 35,800 ஆனது. அதுவரை பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் ஆடி, சீசன் முடிந்ததும் வேறு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் ஏராளம். அணியின் ஆள் ஒரு காகிதத்தை நீட்டும்போது, ரெண்டு நாள் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்வதற்கு அந்தப் பையன் பையில் அடுத்த மாத வாடகை இருக்க வேண்டும்.